பி.ஏ. டைலர் படிக்கவில்லை என்று யார் சொல்வது?

கம்பத்தில் எங்கள் தெருவுக்கு இங்கிலீஷ் வந்து சேர்ந்ததே பி.ஏ. டைலரால்தான். அவர் மட்டும் கடை போடாதிருந்தால், வெள்ளைக்காரன் வந்து போன விஷயமே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பேன்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் "ஸ்டேண்ட் ப்ராப்பர்லி" என்பார். தொப்பையை உள்ளே இழுத்தால் "நோ சீட்டிங்" என்று டேப்பாலேயே ஒரு தட்டு. தீபாவளிச் சட்டை எங்கே என்று கோபமாகப் போகிறவனிடம் "அண்டர் கன்சிடரேஷன்" என்பார். அதற்கு மேல் சண்டை போட யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிற சனங்கள் பூச்சிமருந்து டப்பாவை அவரிடம்தான் காட்டுவார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வெகுநேரம் பார்த்து, "டேஞ்சர். கையைக் கழுவு" என்பார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாலும் அதே பதில்தான்.

வாசலில் 'பி.ஏ. டைலர்ஸ்' என்று போர்டு. உள்ளே சுவரில் ஒரு போட்டோ. அதில் மீசை அரும்பிய டைலர், பட்டம் வாங்குகிறவர்கள் போடுகிற கறுப்பு அங்கியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். எந்தக் காலேஜ் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வம்பு அவர் மகள் பொன்மணி வழியாக வந்தது. அவளுக்கு மதுரையில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் கட்டணச் சலுகை தருகிறதல்லவா, அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் அவள் காலேஜ் போகலாம். இல்லையென்றால் கடையை மிஷினோடு விற்றாலும் கட்டி மாளாது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்று. விசாரணைக்கு வி.ஏ.ஓ. மேடம் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியதும் போர்டைப் பார்த்தார். உள்ளே வந்து போட்டோவைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நாந்தான் மேடம். ஆனா நான் படிக்கல."

"படிக்காமலே பட்டம் குடுத்தாங்களா?"

அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. ஏதோ ஒரு காலேஜ் விழாவுக்கு அங்கி தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. மாட்டிப் பார்க்கப் பொம்மை வாங்க வசதியில்லை. தன் மேலேயே மாட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த கடை போட்டோக்காரர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு படம் எடுத்துவிட்டார். மேடம் நம்பவில்லை. பத்தாவது பெயில் என்ற பள்ளிக்கூடச் சான்றைக் காட்டினால், "அப்புறம் தபால்ல படிச்சிருக்கலாமே" என்றார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதாகச் சொல்லி எதிர் டீக்கடைக்கு வந்தார்.

நாங்கள் இருந்தோம். எங்களுக்கு அது ஊர் மானப் பிரச்சினை.

"என்ன மேடம் இப்பிடிக் கேட்டுப்புட்டீக? அவுக பி.ஏ.தான். இங்கன நாலு தெருவுக்கும் சேத்து அவுக ஒருத்தருதான் படிச்சிருக்காக" என்றார் டீக்கடை ராவுத்தர். பூக்கார அக்கா அதோடு விடாமல் அவரை எம்.ஏ. வரைக்கும் ஏற்றிவிட்டாள். அவர் பேசுகிற இங்கிலீஷ் கலெக்டருக்கே புரியாது என்று என் பங்குக்கு நானும் சொல்லிவைத்தேன்.

டைலர் பின்னாலேயே ஓடி வந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஒரு சொல் இங்கிலீஷ் கலக்காமல் பேசினார்.

"ராவுத்தரே, நான் படிக்காதவன்னு சொல்லுமய்யா. ஏலே, நீங்களாவது சொல்லுங்கடா. பிள்ளைக்குப் படிப்பு போயிரும்டா."

இத்தனை வருஷமாக 'சார்' என்று கூப்பிட்ட மனுஷனை, அதுவும் ஆபீசர் முன்னால், படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது? ராவுத்தர் துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்தார்.

பொன்மணிதான் அந்தப் போட்டோவைக் கழற்றி எடுத்து வந்தாள். "கழுத்துல பாருங்க மேடம்."

அங்கிக்கு மேலே மாலை மாதிரி டைலர் டேப் தொங்கியது. ஒரு பக்கத் தோளில் வரிசையாகக் குண்டூசி.

மேடம் ராவுத்தரைப் பார்த்தார். "இத்தனை நாளா இது உங்க கண்ணுல படலயா?"

ராவுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "படாம என்ன மேடம். மாட்டுன அன்னைக்கே பட்டுச்சு. அவுக பத்தாவதே தாண்டல. ஆனா தெருவுக்கு ஒரு பி.ஏ. வேணும்ல?" சொல்லிவிட்டு டைலர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கிருங்க சார்."

சான்றிதழ் வந்தது. பொன்மணி மதுரைக்குப் போனாள். போர்டை முதலில் மாற்றுங்கள் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், டைலரும் மறுநாளே ஆள் வைத்து மாற்றினார். இப்போது அது 'பி.இ. டைலர்ஸ்'. அவள் படித்து முடிக்க இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

அதற்குள் கறுப்புத் துணி வாங்கி அங்கி தைக்க ஆரம்பித்துவிட்டார். போன வாரம் நானும் ராவுத்தரும் எட்டிப் பார்த்தபோது, கண்ணாடி முன்னால் அதை மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கழுத்தில் டேப் தொங்கியது.

"சார், டீ" என்றார் ராவுத்தர். டேப்பை நாங்கள் பார்க்கவில்லை.