நாலு நாற்று மிச்சம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், மிளகாய் நாற்றுகளைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகம்தானே?

இன்று காலை கண் விழித்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் காரியம் ஜன்னலோரத் தட்டில் நாற்றுகளை எண்ணியது. நேற்று ஏழு. இன்று நாலு. போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், நான் பொய் சொல்லிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் மாடியில் அந்தக் காரமிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு மொத்தமாகப் போனபிறகு, மிஞ்சிய இருபது விதைகளையும் என் கையில் கொடுத்து, "உனக்குத்தான்டி பொறுமை இருக்கு" என்றாய். இவையும் போனால் அந்த மிளகாயை இனி எங்கே போய்த் தேடுவது? இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவும் நடந்தது.

முதல் பத்து நாள் ஒன்றுமே முளைக்கவில்லை. சூடு போதவில்லை என்று தட்டை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றினேன், பதினாறு முளைத்தன, ஆனால் அங்கே வெளிச்சம் இல்லாததால் இரண்டே நாளில் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து கழுத்தைத் தொங்கப்போட்டன, ஜன்னலுக்கு இறக்கினேன், காற்று பட்டால் தண்டு உரமாகும் என்று எங்கேயோ படித்துவிட்டு இவர் மேசை விசிறியை முழு வேகத்தில் திருப்பி வைத்தார், அதில் படுத்த இரண்டு எழுந்திருக்கவே இல்லை, மகள் வெயில் நல்லது என்று நடுப்பகலில் தட்டைப் பால்கனியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள், இன்னும் மூன்று வெளுத்துக் காகிதமாயின. பிறகு மண்மேல் சின்னச் சின்னக் கறுப்பு ஈ. இலையெல்லாம் மஞ்சள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தது. சத்துக் குறைவோ என்று உரம் போட்டேன். இன்னும் வேகமாகச் சாய்ந்தன.

ஒன்றைப் பிடுங்கி நாற்றுப்பண்ணைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் வேரோடு இருந்த மண்ணை விரலால் பிழிந்தார். சொட்டியது.

"எல்லாம் தண்ணியால வந்த வினைம்மா. வீட்டுல எத்தனை பேரு ஊத்தறீங்க?"

நான் மட்டும்தான் என்று சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து விசாரித்தால், மாமியார் குளித்துவிட்டு வந்து ஒரு டம்ளர், இவர் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர், மகள் திரும்பி வந்ததும் ஒரு டம்ளர். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியாது. "உங்க அக்கா குடுத்ததாச்சே, வாடிடக் கூடாதுன்னுதான்மா" என்கிறார் மாமியார். இதற்கு மேல் அவரை என்ன சொல்ல?

மண் காயும்வரை யாரும் தொடக்கூடாது என்று எழுதித் தட்டில் ஒட்டினேன். அது போன வாரம். (இரு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். நாலுதான்.) இன்றுவரை மண் காயவில்லை. யாரோ திருட்டுத்தனமாக ஊற்றுகிறார்கள். இவர் முகத்தைப் பார்த்தால் இவர் மாதிரியும் இருக்கிறது, மாமியார் முகத்தைப் பார்த்தால் அவர் மாதிரியும் இருக்கிறது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ எப்பாடுபட்டாவது வந்து இந்த நாலையும் எடுத்துப்போய்விடு. இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றைச் சும்மா விடத் தெரியாது. என்னைத் திட்டு, தாராளமாகத் திட்டு, ஆனால் இவர் எதிரில் வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம் சொல். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் பொறுமைசாலித் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மூவரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். நான் எழுதி ஒட்டிய நாளிலிருந்து ஒருவரும் தட்டுப் பக்கமே போகவில்லையாம். மகள் சொன்னாள்: "லெட்டர் எழுத உக்காந்ததுலேர்ந்து நீ அஞ்சு தடவை எழுந்து போனேம்மா. அஞ்சு தடவையும் ஸ்ப்ரே அடிச்சே." எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் பாட்டில் காலி. இரண்டாம் பக்கத்தில் மை கரைந்திருப்பதைப் பார்த்து நான் அழுததாக நினைத்துவிடாதே. உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாதவளை இத்தனை வருடமாக நீ பொறுமைசாலி என்று சொல்ல, நானும் நம்பிவிட்டேன்.

நீ வர வேண்டாம். செடிகள் இங்கேயே இருக்கட்டும். மூன்று பேரும் பயந்துபோயிருக்கிறார்கள், தொட மாட்டார்கள். வெளியே போக வேண்டியவள் நான்தான். ஆபீசுக்குப் பத்து நாள் விடுப்புக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை வண்டியில் உன் வீட்டுக்கு வருகிறேன். இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.