பதினேழு சென்டிமீட்டர் குடும்பம்

முருங்கனஅள்ளி தக்காளி வியாபாரி வீரமணி கார் வாங்கிய எட்டாம் நாள் ஒரு பேருண்மையைக் கண்டுகொண்டார். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று பெயர். அது பதினேழு சென்டிமீட்டர் என்று ஷோரூமில் அடித்துச் சொன்னது, காலியான காருக்குத்தான். மனைவி கலைமதி, மகள் காவியா, மச்சான் குடும்பம் எல்லாம் ஏறியதும், கார் தெருமுனை வேகத்தடையில் வயிறு தட்டி நின்றுவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காவியாவுக்கு நிச்சயதார்த்தம். பாலக்கோட்டுச் சம்பந்தி நஞ்சப்பன் தன்னையும் சேர்த்து ஏழு பேரை ஒரே காரில் அடைத்துக்கொண்டு வருகிறார். அது இதைவிடத் தாழ்ந்த கார். இன்ஜின் அடியில் ஓட்டை விழுந்து தெருமுனையிலேயே ஆயில் கொட்டினால், சகுனம் பார்க்கும் அந்த மனிதர் வந்த வழியே திரும்பிவிடுவார். வீரமணி வேகத்தடைப் பிரிவு அலுவலர் இளம்பரிதியிடம் ஓடினார்.

“அந்த மேட்டைக் கொஞ்சம் செதுக்கிடுங்க சார்.”

“விதிப்படி மேடு பத்து சென்டிமீட்டருங்க. உங்க கார் பதினேழு. ஏழு மிச்சம். இடிக்கவே இடிக்காது.”

“இடிக்குதுங்களே!”

“அது சட்டப்படி செல்லாத இடிங்க.”

இருந்தாலும் மக்கள் குறையைக் களைவது கடமை அல்லவா? இளம்பரிதி டேப்போடு நேரில் வந்தார். கார் காலியாகப் பதினேழு, குடும்பத்தோடு பதிமூன்று. மேட்டை அளக்கவில்லை. அரசு போட்ட மேடு சரியாகத்தான் இருக்கும். ‘நான்கு சென்டிமீட்டர் குறைபாடு மேற்படி குடும்பத்தாரால் ஏற்பட்டது’ என்று எழுதினார்.

கலைமதிக்கு வந்ததே கோபம். “காலியா ஓட்டறதுக்கு எதுக்குங்க குடும்பக் கார்?”

“மேட்டையும் ஒரு தடவை அளங்க சார்,” என்று வீரமணி கெஞ்சினார்.

இளம்பரிதி பழைய ஃபைலைப் பிரித்துக் காட்டினார். ‘எங்கள் தெருவில் கார்கள் பறக்கின்றன. வயிறு தட்டும் உயரத்துக்கு மேடு வேண்டும்.’ கீழே வீரமணியின் கையெழுத்து. அப்போது அவரிடம் பைக் மட்டும்தான் இருந்தது. அதன்பின் வருஷத்துக்கு ஒரு மனு, இன்னும் ஏற்றச் சொல்லி; ஒவ்வொன்றின் கீழும் ‘ஏற்றப்பட்டது’ என்று முத்திரை.

“பொதுமக்கள் கோரிக்கையைப் பொதுமக்களே மீறலாமுங்களா?”

வியாழக்கிழமை தீர்வு வந்துவிட்டது. மேட்டருகே ஒரு பலகை நட்டார்கள்: ‘குடும்பத்தார் இங்கு இறங்கி, நடந்து, மறுபுறம் ஏறவும்.’ பக்கத்தில் விசிலோடு ஓர் ஊழியர்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி கார் வந்தது. விசில் பறந்தது. நஞ்சப்பன் மனைவி காசியம்மாள் பட்டுப்புடவையோடு, கையில் பழத்தட்டோடு, இறங்கி நடந்தாள். பின்னால் ஐந்து பேர். காரை ஓட்டிவந்த நஞ்சப்பனும் இறங்கி, பலகையை இரண்டு முறை படித்தார். குனிந்து மேட்டைச் சாணால் அளந்தார். வரவேற்க வீரமணி சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். பெண்ணின் வாழ்க்கையே அந்த மேட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

“இதை யாருங்க போட வெச்சது?”

“நான்தானுங்க மனு குடுத்தேன். தப்புதானுங்க, மன்னிச்சுடுங்க.”

நஞ்சப்பன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “தப்புங்களா? எங்க வூட்டு முன்னாடி ஒண்ணு போடச் சொல்லி நாலு வருஷமா அலையறேன், ஒருத்தனும் அசைய மாட்டேங்கறான். சீருன்னு எதுவும் வேண்டாமுங்க சம்பந்தி. இந்த மாதிரி ஒரு மேடு வாங்கிக் குடுங்க, போதும்.”

“இதே ஒசரமுங்களா?”

“ரெண்டு விரல்கடை கூட்டியே போடச் சொல்லுங்க. கண்டவன் காரெல்லாம் போகுது.”

மகிழ்ச்சியாகத் தட்டு மாற்றினார்கள். பந்தி முடிவதற்குள் வீரமணி மனுவை எழுதிவிட்டார், வாசகம்தான் மனப்பாடமாயிற்றே. முதல் கையெழுத்து காவியா போட்டாள். சாப்பிட்ட நாற்பது பேரும் கை கழுவிவிட்டு வந்து அவளுக்குக் கீழே வரிசையாகப் போட்டார்கள். பிறகு எல்லோரும் அவரவர் காரில் ஏறி, தெருமுனை வரை போய், இறங்கி நடந்தார்கள்.