பராமரிப்புப் பண்பாட்டு விழாவில் ஒரு வாட்டர் பம்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை, சென்ற மாதம் எங்கள் டெச்சிமான் ஊரில் துணை இயக்குநர் யாவ் அமன்க்வா தம் வீட்டு முற்றத்திலேயே காரின் வாட்டர் பம்பை மாற்றிய சனிக்கிழமை வரைக்கும். நான் அவருடைய அலுவலகக் குமாஸ்தா. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். விழாக் குழுவின் செயலாளர். நடுநிலையாகப் பாராட்ட ஒருவனுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

எங்களுடையது 'பராமரிப்புப் பண்பாட்டு வளர்ச்சி' அலுவலகம். நாட்டில் எதையும் யாரும் பராமரிப்பதில்லை என்று கண்டுபிடித்து, அந்தக் குறையைப் போக்கவே எங்களை நியமித்தார்கள். அலுவலகக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. அதைப் பற்றி நான்கு அறிக்கைகள் தயாரித்திருக்கிறோம். மூன்று நனைந்துவிட்டன.

இந்த வருடம் தலைமையகத்திலிருந்து 'வீடே பணிமனை' என்று ஒரு திட்டம் வந்தது. குடிமகன் ஒவ்வொருவனும் தன் வண்டியைத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே பழுது பார்க்க வேண்டும். மாவட்டப் பொறுப்பாளர் அமன்க்வா. அவர் தம் கையால் அதுவரை திருகியது சோடா பாட்டில் மூடி மட்டும்தான் என்று சிலர் பேசினார்கள். பொறாமைக்காரர்கள் எந்த ஊரில் இல்லை?

கடவுள் கருணையால் அதே வாரம் அவர் வீட்டுக் காரில் வாட்டர் பம்பு ஒழுக ஆரம்பித்தது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓட வைத்துச் சூட்டைத் தணிப்பது அந்தப் பம்புதான். அது போனால் எஞ்சின் வெந்துவிடும். காரோ அவர் மனைவி அபெனா ஃபோரிவாவுடையது. அந்த அம்மாள் அரசுப் பள்ளியில் ஆறு வருடமாகப் 'பொறுப்பு' தலைமையாசிரியை. அதாவது வேலை முழுசு, நாற்காலி அரைகுறை. அந்த 'பொறுப்பு' என்ற சொல்லை எடுத்துவிடுவதற்கான நேர்காணல் திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு, வெளியூரான சுன்யானியில். அன்று போகாதவருக்கு வேறு நாள் கிடையாது என்று கடிதத்திலேயே அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

எதிர்ப்புறத்தில் ஃபிட்டர் பெப்ராவின் கொட்டகை. அவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"பாஸ், ரெண்டு மணி நேர வேலை. கொட்டகைக்குத் தள்ளிட்டு வந்துடுங்க. மத்தியானச் சோத்துக்குள்ள வண்டி வாசல்ல நிக்கும்."

"கொட்டகையா?" என்று அமன்க்வா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வீடே பணிமனைன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிட்டு, என் வண்டி உன் கொட்டகையில நின்னா சந்தி சிரிக்காது?"

"உன் வண்டி இல்ல யாவ், என் வண்டி," என்றார் ஃபோரிவா. "திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் சுன்யானியில நிக்கணும். வேனை நம்பினா, அது ஆள் நிறைஞ்சாத்தான் நகரும். அதுவரைக்கும் என் ஆறு வருஷம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னுட்டு இருக்கணும்."

"திங்கள் என்ன, சனிக்கிழமையே வண்டி தயார்! ஆனா முறைப்படி நடக்கணும்."

முறைப்படி என்றால் எங்கள் ஊரில் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தலைவர் இல்லாமல் இங்கே யாரும் தும்முவதுகூட இல்லை. பந்தல் போட்டோம். நூறு பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். பிரமுகர்கள் உட்காரும் உயர்மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தோம். நிகழ்ச்சி நிரலை நான்தான் தயாரித்தேன். மொத்தம் பத்தொன்பது அங்கங்கள். பதினான்காவது: 'பம்பு மாற்றுதல் (நேரமிருப்பின்)'.

சனிக்கிழமை எங்கள் ஊரில் துக்க விழாக்களின் நாள். ஆகவே பாதிப்பேர் கறுப்பும் சிவப்பும் உடுத்தி, ஒரு துக்கத்திலிருந்து இன்னொரு துக்கத்துக்குப் போகும் வழியில் எங்களையும் எட்டிப் பார்த்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். இமாம் துவா செய்தார். உயர்மேசைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். பிறகு தலைவர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி தவியா, தலைமையை ஏற்றுப் பேசினார்.

"எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் வராது. பம்புன்னா எப்படி இருக்கும்னு பார்த்ததும் இல்ல. அதனால எந்தப் பாரபட்சமும் இல்லாம இந்த விழாவுக்குத் தலைமை வகிப்பேன்!"

பலத்த கரகோஷம்.

இந்த நேரமெல்லாம் காருக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை பெப்ராவின் கால்கள். நிகழ்ச்சி நிரலில் அவன் பெயர் இல்லாததால் அவற்றை யாரும் பார்க்கவில்லை. புகைப்படக்காரர் மட்டும் "அந்தக் காலை உள்ள இழுப்பா" என்று இரண்டு தரம் சொன்னார். பெப்ரா பெல்ட்டைக் கழற்றி, பழைய பம்பை எடுத்து, புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, கடைசிப் போல்ட்டை மட்டும் லூசாக வைத்தான். துணை இயக்குநர் கையுறை போட்டுக்கொண்டு அதை முக்கால் சுற்று திருகினார். நான்கு கோணத்தில் படம் எடுத்தார்கள். பத்திரிகைக்குப் போன குறிப்பில் 'துணை இயக்குநரின் தனி முயற்சி. கீழ்மட்ட ஒத்துழைப்பும் இருந்தது' என்று நான் எழுதினேன். காருக்கடியில் கிடந்தவனை இதைவிடத் துல்லியமாக யாரும் குறிப்பிட முடியாது.

அடுத்த அங்கம், 'தண்ணீர் ஊற்றுதல்'. அது சிறப்பு விருந்தினர், தலைமையகத்து டாக்டர் நிமாக்கோவின் கைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அவரோ மூன்று துக்க வீடுகளை முடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பெப்ரா தண்ணீர்க் கேனைத் தூக்கினான்.

"நானே ஊத்திடறேனே பாஸ்? ஆறு லிட்டர் பிடிக்கும். கார் தாகத்துல நிக்குது."

"கேனைக் கீழ வைடா!" என்று தலைவரும் துணை இயக்குநரும் ஒரே குரலில் சொன்னார்கள். விழாவிலேயே இருவரும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு டாக்டர் நிமாக்கோ வந்தார். ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தோம். அவர் அதில் பாதியை 'அடையாளமாக' ரேடியேட்டரில் சாய்த்தார். என்ன நயம், என்ன நளினம்! தெருவே அதிரக் கை தட்டினோம். சமையல்கட்டில் எழுபது பேருக்குத் தக்காளி போட்ட ஜோலோஃப் சோறு கிளறிக்கொண்டிருந்த ஃபோரிவாவுக்கும் கேட்டிருக்கும். கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். கேனில் மீதியிருந்த தண்ணீரில் சோப்புப் போட்டு சிறப்பு விருந்தினர் கை கழுவினார். அவரைத் தொடர்ந்து உயர்மேசை முழுவதும் கை கழுவிற்று. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"ஐயா, ஒரு விஷயம்..." என்று பெப்ரா முன்னால் வந்தான்.

"கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கலைப்பா," என்றார் தலைவர், கோழிக்காலைக் கையில் எடுத்தபடி.

பெப்ரா என் பக்கம் திரும்பினான். அவன் அப்போதே வண்டி பிடிக்க வேண்டும்; மாமாவின் துக்கத்துக்கு வெளியூர் போகிறான்.

"எழுத்தரய்யா, அரைக் கோப்பைதான் உள்ள போயிருக்கு. முழுசா ஊத்தாம சாவியைத் திருப்ப வேணாம்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க. சொல்லுவீங்கல்ல?"

"சொல்வதா? எழுதியே வைக்கிறேன்," என்றேன். எழுதியும் வைத்தேன். பத்தொன்பதாவது அங்கம், 'இதர விஷயங்கள்'. தேதி, நேரம், பெப்ராவின் சொற்கள், எல்லாம் பிசகில்லாமல். ஆனால் கூட்டக் குறிப்பு என்பது அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏற்கப்படும் வரை ரகசியம். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. சுவர் ஏறிக் குதித்துப் பக்கத்து வீட்டில் கத்துவதற்கு நானென்ன பண்பாடில்லாதவனா?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நடந்தே தேவாலயத்துக்குப் போய் பம்புக்காக நன்றி செலுத்தினோம்.

திங்கள் காலை ஐந்தரை மணிக்கு ஃபோரிவா கிளம்பினார். தேய்த்த நீலக் கவுன், கைப்பை, சான்றிதழ் கோப்பு. நான் பல் குச்சியோடு வாசலில் நின்றேன்.

"மேடம், ஜெயிச்சுட்டு வாங்க!"

"வரேன் எழுத்தரய்யா! வந்ததும் உங்களுக்கெல்லாம் விருந்து!"

எவ்வளவு நல்ல பெண்மணி. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏற்கப்படாத குறிப்பு ஏற்கப்படாத குறிப்புதானே?

பதினொன்றாவது கிலோமீட்டரில் எஞ்சின் இறுகி நின்றது. சூடு காட்டும் முள் கடைசி வரை குளிர்ச்சியாகத்தான் இருந்ததாம். தண்ணீர் இருந்தால்தானே அதற்குச் சூடு தெரியும். வந்த வேன்கள் எல்லாம் ஆள் நிறைந்து வந்தன, ஒன்றும் நிற்கவில்லை. அந்த அம்மாள் சுன்யானி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. தேர்வுக் குழு எழுந்து போய்விட்டது. 'தலைமையாசிரியை' நாற்காலிக்கு எட்டு மணிக்கு வந்த வேறொருவர் பெயர் எழுதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் விசாரணைக் குழுவாகவே கூடியது. தலைவர் தவியா, உறுப்பினர் அமன்க்வா, செயலாளர் நான். முதலில் சனிக்கிழமைக் குறிப்பை வாசித்தேன். பத்தொன்பதாவது அங்கம் வந்ததும் ஃபோரிவா எழுந்தார்.

"இது சனிக்கிழமையே எழுதினதா?"

"அன்றைக்கே, மேடம். நேரத்தோடு."

"என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவர்தானேய்யா? திங்கக்கிழமை வாசல்ல நின்னு பல்லு விளக்கிட்டு என்னை வாழ்த்தினியே, அந்த வாயால இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மணி குழுவை நோக்கிப் பேசணும்," என்றார் தலைவர். "வண்டியைக் கிளப்பறதுக்கு முன்னாடி தண்ணி இருக்கான்னு நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்க்கல."

"ஏன் பார்க்கல அபெனா?" என்றார் அமன்க்வா மிகுந்த கண்டிப்புடன். "பராமரிப்புப் பண்பாட்டுல அதுதானே முதல் பாடம்?"

ஃபோரிவா கணவரைப் பார்த்தார். அப்புறம் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"ஊரே சேர்ந்து கை தட்டினீங்க. படிச்சவங்க, பதவியில இருக்கிறவங்க, இத்தனை பேர் கை தட்டினா தண்ணி ஊத்திட்டாங்கன்னுதானே அர்த்தம்? நம்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைவர் என் பக்கம் திரும்பி, எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதியாயிற்று: 'ஓட்டுநர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார்.' அமன்க்வா முன்மொழிந்தார், தலைவர் வழிமொழிந்தார், ஏகமனதாக நிறைவேறியது.

ஒரு பெண்ணின் ஆறு வருடத்தை ஒரே வரியில் முடித்துவிட்ட அந்தத் திறமையை மெச்சி, தலைமையகம் என்னைத் தலைமைக் குமாஸ்தாவாக உயர்த்தியிருக்கிறது. நேர்காணல்கூட வைக்கவில்லை.