ராணிவெட்டுக் கண்டாக்கையா

சதுரங்கத்தில் இந்த உலகத்திலேயே அதிகத் தடவை ராணியைப் பறிகொடுத்தவர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், பரிசை நேரே இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். பறிகொடுத்தவர் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் கொடுத்தார். கூப்பிட்டுக் கொடுத்தார். எதிராளி கவனிக்காமல் இருந்தால் தொண்டையைச் செருமி, விரலால் தட்டிக் காட்டிக் கொடுத்தார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ராணிவெட்டுக் கண்டாக்கையாதான். கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கீழே, மலையில் கொழுந்து பறிக்கும் ஆட்களிடம் வேலை வாங்குகிற உத்தியோகம். நான் அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். சாயங்காலமானால் அவர் குவாட்டர்சில் உட்கார்ந்து அவரைத் தோற்கடிப்பது என் தலையெழுத்தாக இருந்தது.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ஒரு சப்பாத்துப் பெட்டியால். சுதந்திரம் வந்த கையோடு பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டார். போகிற போக்கில் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். கண்டாக்கையா காலில் மாட்டுகிற சப்பாத்து வைக்க வசதியாக இருக்கும் என்று ஒரு மரப்பெட்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே சதுரங்கப் பலகையும் காய்களும். கூடவே, அந்தக் காலத்துச் சதுரங்க மேதைகள் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்த தடிமனான இங்கிலீஷ் புத்தகம். சப்பாத்து கடைசிவரை வாசலில்தான் கிடந்தது.

புத்தகத்தில் மேதைகளின் படங்களும் இருந்தன. ஆளுக்கொரு தாடி. கண்டாக்கையா அவர்களை ‘பெரியவங்க’ என்றுதான் சொல்வார். படங்களை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு, சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அவருடைய சம்சாரம் வெள்ளிக்கிழமை தவறாமல் தாடிக்காரர்களுக்கும் குங்குமம் வைத்தார். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இவங்கள்லாம் எந்த ஊரு சித்தருங்க?”

“ஐரோப்பாப் பக்கம்ங்க.”

“அதான் கோட்டு போட்டிருக்காங்க. அங்க குளிரு ஜாஸ்தி இல்லையா?” என்று இன்னும் கொஞ்சம் குங்குமத்தைத் தாராளமாக வைத்தார்.

கண்டாக்கையா அந்த ஆட்டங்களை ராத்திரி பகலாகப் படித்தார். படித்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பிடித்த ஆட்டம் எல்லாவற்றிலும் பெரியவர் திடீரென்று தன் ராணியை எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஜெயித்துவிடுகிறார். ஆகவே ராணியைக் கொடுத்தால் ஜெயம் நிச்சயம். இதுதான் அவர் பெரியவங்களிடம் கற்ற பாடம். கொடுத்ததற்கும் ஜெயித்ததற்கும் நடுவில் அந்த மேதை மண்டையை உடைத்துக்கொண்டு ஏழெட்டுக் காய் நகர்த்தியிருக்கிறாரே என்று நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

“அதெல்லாம் சில்லறை வேல தம்பி. விஷயம் ராணியில இருக்கு.”

இந்தத் தத்துவத்தை அவர் பலகையோடு நிறுத்தியிருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும். பக்கத்துத் தோட்டத்தோடு வாலிபால் போட்டி நடந்தது. நம் பக்கத்தில் நன்றாக ஆடக்கூடியவன் ஒரே ஒருத்தன். அவனைக் கூப்பிட்டு எதிர்க்கட்சியில் சேர்த்துவிட்டார். மலையேறும்போது இடது காலில் மட்டும் உறையைக் கழற்றிவிட்டு நடப்பார். அந்தக் காலை ரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்குக் கொடுத்துவிட்டால் வலது காலுக்கு வராதாம். அட்டைகள் பெரியவங்களைப் படித்ததில்லை. இரண்டு காலிலும் ஏறின. ஒருநாள் நடுவழியில் மழை பிடித்துக்கொண்டபோது, எதிரே வந்த புடவை வியாபாரியிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டுத் தொப்பலாக நின்றார். கால்மணி நேரத்தில் மழை விட்டது. “பார்த்தீங்களா?” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் குடைக்குள் வந்துகொண்டிருந்த நானும் தொப்பலாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. பிள்ளைக்காம்பரா விவகாரம் அப்படியில்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. மழை வந்தால் அங்கே இருக்கிற ஆயா, ஒழுகாத இடம் பார்த்துத் தொட்டில்களை அவிழ்த்து அவிழ்த்து மாற்றிக் கட்டுவாள். மஸ்கெலியாவில் பெருமழைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

புதுத் துரையும் வெள்ளைக்காரர்தான், இளவட்டம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கொழுந்துக்காரி ராமாயி முன்னால் வந்து நின்றாள்.

“தொரைங்களே, எம் புள்ளைக்கு நெஞ்செல்லாம் சளிங்க. தொட்டில்லயே ஊத்துதுங்க. இந்த மழைக்குள்ள கூரைய மாத்திக் குடுங்க.”

துரை தமிழ் படித்துப் பரீட்சை எழுதியவர். ஆனால் அவருக்குக் கட்டளை போடுகிற தமிழ் மட்டும்தான் தெரியும்.

“கூரை அடுத்த வருஷம். இப்போ கொழுந்து எடு. போ.”

“சார், சின்னப் புள்ளைங்க சார்,” என்று கண்டாக்கையா இழுத்தார்.

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். துரை சீமையில் சதுரங்கத்தில் பெயர் வாங்கியவராம். இங்கே துரைமார் கிளப்பில் விஸ்கியும் டென்னிசும் தவிர வேறு ஆட்டம் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தார். கண்டாக்கையா வீட்டில் சதுரங்கப் பலகை இருப்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“கண்டாக்கு, நீ செஸ் ஆடறான்? ஞாயித்துக்கிழமை பங்களா வா. நீ ஜெயிச்சா, கூரை இந்த மாசம். நான் ஜெயிச்சா, அடுத்த வருஷம்.”

கூரை போச்சு என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே ராமாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பெண்களோடு குவாட்டர்சுக்கு வந்துவிட்டாள். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.

“ஐயா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறோம். அந்த ராணிய மட்டும் குடுத்துடாதீங்க.”

“ராணிய வச்சிக்கிட்டு ஜெயிச்சா அது ஒரு ஜெயமாம்மா?”

“எங்களுக்கு அது போதுங்க.”

“பெரியவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

“அவங்க புள்ள நனையலீங்களே!” என்றாள் ராமாயி. கண்டாக்கையா சாமி அறைப் பக்கம் பார்த்தார். நான் அந்த வாரம் முழுக்க அவரிடம் கெஞ்சினேன், கோபப்பட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா வராந்தாவில் பலகை விரித்தார்கள். துணைக்கு நான் அவர் பின்னால் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூறலில் பெண்கள் நின்றார்கள். பங்களாச் சமையற்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்: கண்டாக்கையா ராணியைத் தொட்டால் ஒரு இருமல் இரும வேண்டும்.

கொஞ்ச நேரம்தான். சமையற்காரர் இருமினார். வேலிக்கு அப்பால் “ஐயோ மாரியாத்தா” என்று ஒரு குரல் எழுந்தது. கண்டாக்கையா தன் ராணியைக் கொண்டுபோய், துரையின் சிப்பாய் வெட்டுகிற இடத்தில் பவ்வியமாக வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் ராணி அங்கேயே இருந்தது. வெட்டப்போன துரையின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. துரையும் அதே பெரியவங்களைப் படித்தவர்! சும்மா கிடைக்கிற ராணியை ஆசைப்பட்டு வெட்டியவன் எவனும் உருப்பட்டதில்லை என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். கையை இழுத்துக்கொண்டு வேறு காயை நகர்த்தினார்.

கண்டாக்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் ராணியை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“சார், ராணி சார். எடுங்க.”

துரையின் முகம் வெளுத்தது. “நீ எடு சொல்றான். அப்போ நான் எடுக்காது.”

அதற்கப்புறம் நடந்ததைச் சதுரங்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண்டாக்கையா ராணியைத் தூக்கிக்கொண்டு துரையின் ராஜாவைத் துரத்தினார். ராஜாவின் மூக்குக்கு நேரே வைத்து, “எடுங்க சார், தயவுசெஞ்சு எடுங்க” என்றார். ராஜா நகர்ந்து ஓடியது. இவர் அங்கேயும் போய் வைத்தார். விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைக்க, கேட்காமல் சோறு வைக்கிற கல்யாணவீட்டுக்காரர் மாதிரி விடாமல் பின்னாலேயே போனார். துரையின் வாயிலிருந்த பைப் அணைந்து போயிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ராஜா கடைசியில் ஒரு மூலைக்குள் போய் ஒடுங்கியது. கண்டாக்கையா ராணியை அதன் பக்கத்தில் வைத்தார்.

“இப்பவாவது எடுங்க சார்!”

துரை வெகுநேரம் பலகையைப் பார்த்தார். “எடுக்க முடியாது, கண்டாக்கு.”

“ஏன் சார்?”

துரை எதிர் மூலையைக் காட்டினார். கண்டாக்கையா ஆரம்பத்தில் நகர்த்திவிட்டு மறந்தே போயிருந்த மந்திரி அங்கிருந்து குறுக்குவாட்டில் ராணிக்குக் காவல் நின்றது. வெட்டவும் வழியில்லை, ஓடவும் இடமில்லை.

“செக்மேட்,” என்றார் துரை. பிறகு எழுந்து கைகுலுக்கினார். “நல்ல ஆட்டம். இது எந்த மாஸ்டர் ஆட்டம்?”

“இம்புட்டு கேவலமா எந்தப் பெரியவரும் ஆடலைங்க,” என்றார் கண்டாக்கையா. கண்ணில் தண்ணீர் நின்றது. துரை அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

சொன்ன சொல்லைத் துரை காப்பாற்றினார். அந்த வாரமே லாரியில் தகரம் வந்தது. ராமாயி பிள்ளையோடு வந்து, “ராணியக் காப்பாத்தி எங்க புள்ளைங்களையும் காப்பாத்திட்டீங்க ஐயா” என்று காலில் விழுந்தாள். மனுஷர் வெந்து போனார். சாமி அறையில் பெரியவங்க படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பலகையைத் தொடவில்லை.

பெருமழை இறங்கிய முதல் சாயங்காலம் நானே பெட்டியைத் திறந்து காய்களை அடுக்கினேன். பிள்ளைக்காம்பராப் பக்கமிருந்து புதுத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் மனமில்லாமல் வந்து உட்கார்ந்து ஆடினார். ஒரு கட்டத்தில் ராணியைக் கையில் எடுத்தார். தயங்கினார். என் சிப்பாய்க்கு முன்னால் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நானும் சொல்லிவிடுவேனோ என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

நான் எடுத்துக்கொண்டேன்.

“அப்பாடி!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பப் பாருங்க தம்பி வேடிக்கைய.” வேடிக்கை ஒன்றும் இல்லை; சீக்கிரமே தோற்றார். பெட்டியை மூடியதும் உள்ளே போய்ப் படங்களை ஒவ்வொன்றாக நேரே திருப்பி வைத்தார்.

அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போதும் யாரோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தாலும், நல்ல ராணியை ஏதாவது ஒரு சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். அந்த ஆள் நம்பாமல் என்னைப் பார்க்கிறான், பலகையைப் பார்க்கிறான். அவன் கை நீட்டுகிறவரை கண்டாக்கையா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.