பரண் சட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை முக்காலி மேல் ஏறி நின்று சட்டம் போட்டேன்.

"இந்த வீட்டுல எது தேவை, எது ஆசைன்னு இனிமே பரண்தான் சொல்லும். ஒரு பொருளைப் பரண்ல போடணும். ஒரு வாரத்துக்குள்ள வீட்டுல யாராவது அது வேணும்னு கேட்டா, தேவை. கேக்கலைன்னா வெறும் ஆசை. பழைய சாமான்காரர்கிட்ட தள்ளிடணும்."

"முதல்ல எது?" என்றாள் மனைவி.

"உன் தையல் மெஷின்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அது பெட்டியோடு தூக்குகிற கை மெஷின். அது இருக்கும் ஜன்னலோர மூலை மேல் எனக்கு ஒரு கண். அங்கே ஒரு சாய்வு நாற்காலி போட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அது மட்டும் ஆசை இல்லையா என்று கேட்காதீர்கள். என் முதுகுக்குத் தேவை.

வீடு ரெண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன். "சரிங்க" என்றாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை எதற்கும் அவள் சரி சொன்னதில்லை. ஏணியை வேறு பிடித்துக்கொண்டாள். "பாத்து ஏறுங்க" என்று அக்கறை வேறு. சந்தேகம் ரெட்டிப்பானது.

திங்கட்கிழமை என் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். மறுநாள் வேறு சட்டையில். புதன்கிழமை கழுத்துப் பொத்தான்.

"ஏம்மா, பொத்தானெல்லாம் ஏன் இப்படி உதிருது?"

"உங்களுக்குத் தொந்தி போடுதுல்ல."

"கழுத்துலயுமா தொந்தி? சரி, ஊசி நூல் எங்க?"

"மெஷின் பெட்டிக்குள்ள. பரண்ல. வேணும்னு கேக்குறீங்களா?"

"சேச்சே! சும்மா கேட்டேன்."

தவளை தன் வாயால் கெடும். 'வீட்டுல யாராவது' என்று சொல்லித் தொலைத்தவன் நான்தானே! நான் கேட்டால் மெஷின் தேவையாகிவிடும், நாற்காலி போச்சு. சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு ஆபீஸ் போனேன். வழியெல்லாம் ஊக்கு என்னைக் குத்திக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை, ஆபீசுக்குப் பெரிய அதிகாரி வருகிற நாள். ஷூ மாட்டக் குனிந்தேன். பேண்ட் பின்பக்கம் 'டர்'ரென்றது. மற்ற பேண்டுகள் அத்தனையும் சோப்புத் தண்ணீரில் கிடந்தன. எந்த மகராசி எல்லாப் பேண்டையும் ஒரே நாளில் ஊறப்போடுவாள்?

குளியலறையில் அவள் துணி அலசும் சத்தம் கேட்டது. நல்ல சமயம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பூனை மாதிரி பரண் ஏறினேன். ஊசி நூலை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டியைத் திறந்தேன். கீழே ஏணி நகர்ந்தது.

"என்னங்க, மேல என்ன பண்றீங்க?"

"சும்மா... ஒட்டடை இருக்கான்னு பாத்தேன்."

"நல்லா பாருங்க. எதிர்வீட்டு அக்கா ஏணி கேட்டாங்க, கொடுத்துட்டு வந்துடறேன்."

"அடியே! ஏணி வேணும்டி!"

"தேவையா, ஆசையா?"

"தேவை! அதிகாரி வந்துடுவாரு!"

"அப்ப மெஷினும் வேணும்னு சொல்லுங்க. வாரம் இன்னும் முடியல."

ரோஷமாக உட்கார்ந்திருந்தேன். பரணில் ரோஷம் ரொம்ப நேரம் தாங்காது, தலை இடிக்கும்.

"வேணும்" என்றேன்.

"சத்தமா. எதிர்வீட்டு அக்காவுக்குக் கேக்கணும்."

"தையல் மெஷின் வேணும்மா, தாயே!"

ஏணி திரும்பி வந்தது. மெஷினோடு இறங்கி, அதே ஜன்னலோரம் வைத்தேன். பேண்டைக் கண்மூடித் திறப்பதற்குள் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

"பேண்ட் ஆச்சு. சட்டைக்குப் பொத்தான்? இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?" என்று தவித்தேன்.

அவள் பதறவில்லை. சமையலறைக்குள் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்து மூடியைத் திறந்தாள். வாரம் முழுக்க உதிர்ந்த என் பொத்தான்கள் அத்தனையும் அதில் இருந்தன, எந்தச் சட்டைக்கு எது என்று தனித்தனியாகப் பொட்டலம் கட்டி.