கள்ளிச்செடிக்கு ஒரு ஷேவிங்

மனைவி ஊருக்குப் போவதை எப்பாடுபட்டாவது தடுத்துவிடுவது என்று முடிதிருத்துபவர் முடிவு கட்டிவிட்டார். காரணத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை காப்பிகூட அவர் குடித்ததில்லை. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டில் அவருடைய கெத்து என்ன ஆவது?

அவளுடைய தங்கை வீட்டுக்குப் பத்து நாள் பயணம். வியாழக்கிழமை ரயில். செவ்வாய்க்கிழமை காலையில்தான் பால்கனியில் அவருக்கு வழி பிறந்தது.

"என்னடி இது? ரோஸ்மேரிச் செடியில யாரோ எச்சில் துப்பி வெச்சிருக்காங்க."

"எச்சில் இல்லீங்க. நுரைப்பூச்சி." அவளுக்கு நர்சரியில் வேலை. செடிக்கு நாடி பிடித்துப் பார்க்கிறவள். விரலால் நுரையை விலக்கி, உள்ளே தலைகீழாக ஒட்டியிருந்த பொடிப் பச்சைப் பூச்சியைக் காட்டினாள். "தண்டுல சாறை உறிஞ்சி, நுரை ஊதி, அதுக்குள்ளேயே குடியிருக்கும். வெளிய வந்தா வெயில்ல காஞ்சிடும்."

"எல்லாச் செடியிலயும் வருமா?"

"நிறையச் செடியில வரும். ஆனா ருசி பார்க்கிற நாக்கு. ரோஸ்மேரி, லாவெண்டர், ஸ்ட்ராபெரின்னு இளந்தண்டா பார்த்து உட்காரும். ஒண்ணு ரெண்டுன்னா பாதகமில்ல. தொட்டிக்குத் தொட்டி வந்துட்டா நான் ஊருக்கே போக முடியாது. கூடவே இருந்து கழுவணும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் அவர் காதில் தேனாகப் பாய்ந்தன.

மறுநாள் விடிந்ததும், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஷேவிங் சோப்பும் பிரஷ்ஷுமாகப் பால்கனிக்குப் போனார். இருபத்திமூன்று தொட்டிகள். தொழில் சுத்தம் என்றால் அவர்தான். ஒரு செடியையும் விடவில்லை. கள்ளிச்செடிக்கு நுரை போடும்போது, பழக்கதோஷத்தில் "கொஞ்சம் தலையைத் தூக்குங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

அவள் ஈரத்தலையோடு வந்து பார்த்தாள். தொட்டி தொட்டியாகக் குனிந்து எண்ணினாள்.

"அடேங்கப்பா. இருபத்திமூணுலயும் வந்திருக்கே."

"அதான் பார்த்தேன். பாவம், நீ எப்படி ஊருக்குப் போவ?"

"எலுமிச்சை வாசனை அடிக்குதுங்க."

"புது ரகமா இருக்கும்."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா, கிருதா மாதிரி கட்டியிருக்கு."

"ஒழுக்கமான பூச்சி."

"கள்ளியைக்கூட விடல. கையைக் காட்டுங்க."

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் இழுத்துப் பிடித்தாள். கட்டைவிரலில் மூன்று முள். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் அவர் மணிக்கட்டில் சொட்டியது. பத்து நாள் இந்தக் கை இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்ததும் அவருக்குக் கெத்தெல்லாம் மறந்துபோயிற்று.

"போகாதேயேன்" என்றார்.

"என்ன?"

"நீ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது."

"இதைச் சொல்றதுக்கு இருபத்திமூணு தொட்டியா?" ஊசி நின்றுவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. "அப்ப நீங்களும் கூட வாங்க."

"கடை?"

"பூட்டுங்க."

"செடி?"

"கீழ்வீட்டு அக்கா பார்த்துப்பாங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. போகாமல் தடுக்கப் பார்த்தால், கூடவே போகும் யோகம். நுரையெல்லாம் கழுவிவிட்டு, ஜெயித்த தெம்பில் கடைக்கு நடந்தார். கடை வாசலில் என்றுமில்லாத கூட்டம். வரிசையில் முதலாவதாகக் கணக்கு வாத்தியார் நின்றார்.

முடிதிருத்துபவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாரும் மன்னிக்கணும். நாளையிலிருந்து பத்து நாள் கடை லீவு. திடீர்னு முடிவு பண்ணினேன்."

"அதுக்குத்தானே இன்னிக்கே வந்து நிக்கிறோம்" என்றார் வாத்தியார். "போன வாரமே உங்க வீட்டம்மா வந்து, நீங்களும் கூடப் போறீங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்களா வாயைத் திறக்கிற வரைக்கும் உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க."