பூந்தோட்டத்துக்குக் கவாத்து

சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பவர்களை உலகம் மெச்சும் என்பது சமாதான காலத்து நம்பிக்கை. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். எட்டு வீட்டார் அவளுக்குச் சாபம் கொடுத்தார்கள். அந்த ஒருத்தி நான்தான்.

ஈப்போவில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடப் பழகியிருந்தேன். சண்டை வந்து அலுவலகம் மூடியதும், ரிங்லெட்டுக்கு மேலே மலையில், அப்பா கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தோட்டத்துக்கே திரும்பினேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். அவர் பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியேறியிருந்தார். துரை விட்டுப்போன காலண்டர் ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதில் ஓலைக்கூரை போட்ட ஒரு சின்ன வீடு, வாசல்வரை வளைந்து போகும் கல் பாதை, இரண்டு பக்கமும் முண்டியடித்துக்கொண்டு பூச்செடிகள். அதே மாதிரி ஒரு பூந்தோட்டம் பங்களா முன்னால் வேண்டுமாம்.

"அதுக்கென்ன துவான், என் மக பிளான் போட்டுக் குடுப்பா" என்று அப்பா அதிகாரியிடம் சொல்லிவிட்டார். (பூ என்றால் தலையில் வைப்பது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.)

வேலைக்கு எட்டு ஆண்கள். என் அண்ணன் அருளப்பனும் அதில் ஒருவன். வேலை முடியும்வரை இந்த எட்டுப் பேரும் சயாமில் ரயில்பாதை போடப் போக வேண்டியதில்லை என்றார் அதிகாரி. சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை.

நான் ஒழுங்காக வரைந்தேன். முதலில் பாதை. அடுத்து, துரைசாணி வளர்த்துப் புதரில் மறைந்து கிடந்த ரோஜாவையும் டாலியாவையும் பெயர்த்து நடுவது. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், இடைவெளிக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயில் சாமந்தி. பார்ப்பதற்குத் தானாக முளைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு செடிக்கும் இடம் குறித்தேன்.

ஆனால் வேலை நகரவில்லை.

"அண்ணே, நேத்து தோண்டுன குழி எங்க?"

"அது சரியில்ல லா. மூடிட்டோம்."

"சரியில்லன்னு யாரு சொன்னா?"

"குழிதான் சொல்லுச்சு."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஏன் இப்படி இழுக்குறீங்க? அழகா முடிச்சா, பராமரிக்க ஆளு வேணும்ல? உங்களையே வச்சிக்குவான்."

"முடிச்சா லாரியில ஏத்துவான், தங்கச்சி."

படித்தவள் நானா அவனா? மறுநாளிலிருந்து நானே மண்வெட்டியைத் தூக்கினேன். கொழுந்து பறிக்கும் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டேன். ("கிராணி மகளுக்கு மூளை மொத்தமும் பென்சில்லதான் இருக்கு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.) மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, மழையிலும் பனியிலும் நட்டோம். பூத்தது. காலண்டரே வெட்கப்படும்படி பூத்தது.

அதிகாரி கல் பாதையில் மெல்ல நடந்து பார்த்தார். "பாகுஸ்" என்றார், நன்றாக இருக்கிறதாம். பிறகு, "சுடா ஹாபிஸ்?" முடிந்ததா என்று கேட்கிறார். அண்ணன் என் காலை மிதித்தான். வழுக்கிவிட்டான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுடா, துவான்!" என்றேன், பரிசு வாங்கப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அப்படியானால் எட்டுப் பேரும் நாளை மறுநாள் லாரி ஏறட்டும் என்றார். பராமரிப்பு? தண்ணீரை அவரே ஊற்றிக்கொள்வாராம். அது அவர் மனதுக்கு அமைதி தருமாம்.

அன்று வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா அண்ணனின் ஒரே நல்ல சட்டையைத் துவைத்துக் கணப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டார். யாராவது திட்டினால் தேவலாம் போல இருந்தது.

காலையில் வெளியே வந்தபோது, கவனிப்பாரற்ற மேல் சரிவில் தேயிலை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தேயிலைக்காரர்களுக்குப் பூ என்றால் குற்றம். செடி பூத்தால் கொழுந்து போச்சு. கவாத்துக் கத்தியை எடுத்து மட்டமாக வெட்டிவிட வேண்டியதுதான். நான் அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய் அண்ணனை எழுப்பினேன்.

"கவாத்துக் கத்திய எடு."

"எதுக்கு?"

"பூத்துடுச்சுல்ல."

என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

அதிகாரி மலையிறங்கித் தாப்பா டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் எட்டுப் பேரும் இறங்கி, ரோஜா, டாலியா, சாமந்தி எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். மட்டம் சரியாக இருக்கிறதா என்று கயிறு பிடித்தது நான்தான். (பழக்கதோஷம்.)

திரும்பி வந்தவரிடம், முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னேன்: "துவான், இது தேயிலைத் தோட்டம். பூத்தால் வெட்டுவதுதான் இங்கே வழக்கம். வெட்டினால்தான் இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். வேலை முடிந்தது என்று சொன்னது என் தவறு."

முதல் அறை அப்பாவுக்கு. இரண்டாவது எனக்கு. பிறகு இருவரும் கல் பாதையில் முழந்தாளிட்டோம். விளிம்பு கூராக உள்ள கல்லாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதும் நான்தான். வெகுநேரம் கழித்து அதிகாரி வாயைத் திறந்தார். பழையபடி ஆக்கு, அதுவரை இந்த எட்டு மடையன்களும் இங்கேயே கிடக்கட்டும்.

ஜப்பான்காரன் போகும்வரை அந்தத் தோட்டம் முடியவே இல்லை.

இன்று எங்கள் வீட்டில் யாரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்டாலும் ஆமாம் என்ற பதில் வராது. அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இன்னும் இல்ல தங்கச்சி, கவாத்து பாக்கி இருக்கு" என்பான். அவன் மகனின் ஞானஸ்நான விருந்தில் இந்தக் கதையை நடித்தே காட்டினான். நான் கயிறு பிடித்த இடத்தில் பந்தியே உருண்டு சிரித்தது. அப்போதுதான் பந்தியின் கடைசியில் இருந்த பாப்பம்மா அக்காவைப் பார்த்தான். சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

சொன்ன நாளில் லாரி வரத்தான் செய்தது. எட்டு ஆள் என்றால் எட்டு ஆள். எங்கள் ஆட்களுக்குப் பதிலாக, தோட்டத்தின் கீழ் டிவிஷனில் வேறு எட்டுப் பேரைப் பிடித்து ஏற்றினார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் அதில் போனவர்தான்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட? அப்புறம் லாரி வந்துச்சு. அதையும் சொல்லு" என்றார் அக்கா.

அண்ணன் குனிந்து அவர் இலையில் குழம்பு ஊற்றினான். இன்றைக்கும் யார் சொன்னாலும், லாரி வருவதற்கு முன்னால் இந்தக் கதையை நிறுத்திவிடுகிறோம்.